இரத்தம் பிறக்கும் சுவர்

புறநோயாளிகள் பிரிவில் ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் அது நல்ல நாள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் விடை சொல்லி முடிக்க இயலாத கேள்வி ஒன்றை அண்மையில் ஓர் இளைஞர் கேட்டார். துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, வீடு திருவொற்றியூரில். அவருடைய அண்ணன் மகன் இரத்தப் புற்றுநோய்க்காக எங்களிடம் சிகிச்சை பெற்று வருகிறான். இளைஞரின் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்கவிருக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைக் கட்டணம் செலுத்திச் சேமித்து வைக்கும்படி யாரோ அவரிடம் கூறியிருக்கிறார்கள். முதல் தவணைக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார்.

"என் புள்ளைக்கும் இந்த நோய் வந்துட்டா, அதோட ரத்தத்தையே வெச்சுக் காப்பாத்திடலாமாமே டாக்டர், உண்மையா?"

"வேண்டாம், சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அது சரியான விடைதான். ஆனால் காரணம் சொல்லாத விடை. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் இரத்தம் முதன்முதலில் எங்கே, எவ்வாறு பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

இரத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் பள்ளி மாணவரும் எலும்பு மஜ்ஜை என்று சொல்லிவிடுவார். வளர்ந்த மனிதரின் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு முதலியவற்றினுள் இருக்கும் சிவந்த மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அவ்வளவு வேகம் தேவைதான். சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்; தட்டணுவுக்கோ 7 முதல் 10 நாள் மட்டுமே. கீமோதெரபிக்குப் பின் தட்டணு எண்ணிக்கை விரைவில் சரிவதும், அடிக்கடி தட்டணு ஏற்ற நேர்வதும் இக்காரணத்தால்தான்.

இத்தனை அணுக்களும் மஜ்ஜையில் தங்கியிருக்கும் மிகச் சில இரத்த மூல அணுக்களின் வழித்தோன்றல்கள். நாம் பேச்சில் 'ஸ்டெம் செல்' என்கிறோமே, அவைதாம். அவை இருவகைப் பணியைச் செய்கின்றன: தம்மைப் போன்ற மூல அணுக்களை உண்டாக்கிக்கொள்கின்றன, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எனப் பிரிந்தும் வளர்கின்றன. ஆனால் இம்மூல அணுக்கள் மஜ்ஜையில் பிறந்தவை அல்ல. கருவில் எலும்பு உருவாவதற்கு முன்பே அவை பிறந்துவிடுகின்றன. மஜ்ஜை அவை பின்னர் வந்து குடியேறிய வீடு.

அடைவைத்த கோழிமுட்டையை மூன்றாம் நாள் உடைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். மஞ்சள் கருவின்மேல் சிவந்த வலை ஒன்று படர்ந்திருக்கும். நடுவே ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். அப்புள்ளியை அரிஸ்டாட்டிலே குறித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஃப்ளாரன்ஸ் சாபின், இரண்டாம் நாள் கோழிக்கருவை உயிரோடு நுண்நோக்கியின் கீழ் வைத்துக் கவனித்தார். இரத்தக் குழாயின் உட்சுவரில் இருந்த அணுக்களிலிருந்தே இரத்த அணுக்கள் தோன்றுவதைக் கண்டு 1917ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் எழுதினார். அப்போது எல்லாரும் அதை ஏற்கவில்லை. குழாய் என்பது குழாய், அதில் ஓடுவது வேறு பொருள் என்றுதானே எவருக்கும் தோன்றும்?

நம் பகுதியிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் கரைச்சுவரிலிருந்து ஒரு கல் தானே பெயர்ந்து, படகாக வடிவெடுத்து நீரில் மிதந்து போவதாகவும், பக்கத்துக் கற்கள் நெருங்கி வந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்வதாகவும் எண்ணிப் பாருங்கள். கருவின் பெருந்தமனியில் உண்மையில் நடப்பது ஏறத்தாழ இதுவே.

இதை ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணால் காண 2010ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உதவியது ஒரு சிறு மீன். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நெகிழிப் பையில் போட்டுக் கொடுப்பார்களே, உடலில் நீலக் கோடுகள் ஓடும் ஜீப்ரா மீன், அதுதான். கங்கைச் சமவெளி ஓடைகளில் இயல்பாக வாழும் இம்மீனின் கரு கண்ணாடிபோல் உள்ளே தெரியக்கூடியது. சான் டியேகோவிலும் பாரிசிலும் இருந்த இரு குழுக்கள் உயிருள்ள மீன்கருவைப் படம்பிடித்தன. ரோட்டர்டாம் நகரக் குழு எலிக்கருவின் பெருந்தமனியை ஆராய்ந்தது. மூன்று கட்டுரைகளும் 'நேச்சர்' ஆய்விதழில் ஒன்றாக வெளிவந்தன. தரையோடுபோல் தட்டையாகப் பதிந்திருந்த சுவர் அணு ஒன்று மெல்ல வளைகிறது. அண்டை அணுக்களோடு உள்ள பிணைப்பை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொள்கிறது. உருண்டு திரண்டு, சுவரிலிருந்து கழன்று வெளியேறுகிறது. மீனில் அந்த அணு இரண்டாகப் பிளவுபடுவதுகூட இல்லை. சுவராக இருந்த அதே அணுதான் இரத்தமாகிறது. முதன்முறை அப்படத்தைப் பார்த்தபோது நான் முதுநிலை மருத்துவம் முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாடநூலில் மனப்பாடம் செய்த ஒரு வரி கண்முன் அசைவதைப் பார்த்து அன்றிரவு பலமுறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

மனிதக் கருவில் இதன் காலக்கணக்கு பெற்றோர் அறியத்தக்கது. கருத்தரித்த ஏறத்தாழ 18ஆம் நாளில், கருவோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையில் முதல் சிவப்பணுக்கள் தோன்றுகின்றன. 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அந்த முதல் சிவப்பணுக்கள் அப்போதைய தேவைக்கானவை. வாழ்நாள் முழுவதும் இரத்தம் தரும் மூல அணுக்கள் அவற்றில் இல்லை. வாழ்நாளுக்கான மூல அணுக்கள் 27ஆம் நாள் வாக்கில், முதுகுப்புறமாக ஓடும் பெருந்தமனியின் அடிச்சுவரில் சிறு கொத்துகளாக அரும்புகின்றன. அப்போது முழுக்கருவின் நீளம் ஓர் உளுத்தம்பருப்பின் அளவே. ஏறத்தாழ 40ஆம் நாளுக்குள் அக்கொத்துகள் மறைந்துவிடுகின்றன. அதாவது, இரண்டு வாரமே அந்தச் சாளரம் திறந்திருக்கிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் இது ஆறாம், ஏழாம் வாரம். தாம் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரியவரும்.

அங்கே பிறக்கும் மூல அணுக்கள் எத்தனை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். விரல்விட்டு எண்ணத்தக்கவையே. எடின்பரோ ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு மனிதக்கருவின் இப்பகுதியிலிருந்து எடுத்த ஒரே மூல அணு, எலியின் உடலில் குறைந்தது 300 மகள் மூல அணுக்களாகப் பெருகியதைக் கண்டனர். எண்ணிக்கை குறைவு; பெருகும் ஆற்றலோ மிகுதி.

பிறந்த அணுக்கள் இரத்த ஓட்டத்தில் மிதந்து முதலில் கல்லீரலை அடைகின்றன. அங்கே பல மாதம் தங்கிப் பெருகுகின்றன. எலும்புகள் உருவாகி உள்ளே இடம் அமைந்த பிறகு மஜ்ஜைக்குக் குடிபெயர்கின்றன. தாலசீமியா போன்ற நோய்களில் வயிறு புடைத்துக் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருப்பதைச் சில பெற்றோர் பார்த்திருப்பீர்கள். அதற்கான காரணங்களுள் ஒன்று, மஜ்ஜை திணறும்போது அவ்வுறுப்புகள் கருக்காலத்தில் செய்த தம் பழைய வேலையை மீண்டும் கையில் எடுத்துக்கொள்வதுதான்.

சுவர் அணுவைப் பெயர்ந்து எழச் செய்வது எது? ஒன்று, இரத்த ஓட்டமே. இதயம் துடிக்காத மீன்கருக்களில் மூல அணுக்கள் மிகக் குறைவாகவே தோன்றுவதை 2009ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. ஓடும் திரவம் சுவரை உரசும்போது சுவர் அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கின்றன. அது மூல அணுக்கள் தோன்றத் துணைசெய்கிறது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை உடலில் தருவதும் இதே வாயுவைத்தான். அங்கே அது குழாய்களைத் தளர்த்தப் பயன்படுகிறது. மற்றொன்று, ரன்க்ஸ்1 என்னும் மரபணு. அதை நீக்கிவிட்ட எலிக்கருக்களில் வாழ்நாளுக்கான இரத்தம் தோன்றுவதே இல்லை. பிறக்கும் முன்பே அவை இறந்துவிடுகின்றன. சுவரை இரத்தமாக மாற்றும் விசை அதுவே எனலாம்.

அந்த இளைஞரின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோ வகை இரத்தப் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் ஒரு பழுது, இதே ரன்க்ஸ்1 மரபணு அறுபட்டு இன்னொரு மரபணுவோடு தவறாக ஒட்டிக்கொள்வது. மேலைநாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் இது உண்டு. இந்திய ஆய்வுகளில் அளவு இதைவிடக் குறைவு. பிறந்த சில நாளில் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைத் தாளில் உலரவைத்துச் சேமிக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. பின்னாளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் அந்தப் பழைய தாள்களைப் பிரிட்டன் ஆய்வாளர் மெல் கிரீவ்சும் அவரோடு பணியாற்றியோரும் 1990களின் பிற்பகுதியில் தேடியெடுத்துச் சோதித்தனர். நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பிறந்த நாட்களிலேயே, அந்தப் பழுது பல குழந்தைகளின் இரத்தத்தில் இருந்திருக்கிறது.

அப்படியானால், சேமித்து வைக்கும் தொப்புள்கொடி இரத்தத்திலும் அப்பழுது இருக்கக்கூடும். நோயின் விதை உள்ள இரத்தத்தையே நோய்க்கு மருந்தாக ஏற்ற முடியாது. தாலசீமியா போன்ற பரம்பரை நோய் என்றால் ஐயத்துக்கே இடமில்லை. குழந்தையின் எல்லா அணுவிலும் உள்ள குறை அதன் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருந்தே தீரும். குழந்தை தன் எதிர்காலத் தேவைக்காகத் தன் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளில் தெளிவாகவே கூறியுள்ளது.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "வயித்துல இருந்தப்போ நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்காத தாயை எங்கள் வார்டில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பப்பாளி சாப்பிட்டது, கிரகணத்தன்று வெளியே சென்றது, மாமியாரோடு சண்டையிட்டு அழுதது, எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவருவார்கள். இவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. கோடிக்கணக்கில் அணுக்கள் பெருகும்போது மரபணு அறுந்து ஒட்டுவதில் நேரும் பிழை அது. யார் செய்த குற்றமும் அன்று. அப்பழுதோடு பிறக்கும் குழந்தைகளிலும் மிகச் சிலருக்கே பின்னர் நோய் வருகிறது. மேலும் சில பழுதுகள் சேர்ந்தால்தான் அது புற்றாகிறது. இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் மாற்று சிகிச்சை எதுவுமின்றி, மருந்துகளாலேயே குணமடைகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இளைஞரின் அண்ணன் மகனும் அவ்வழியில்தான் செல்கிறான்.

"அப்போ இந்தப் புகைதான் காரணமா?" என்பது அடுத்த கேள்வி. மணலி, எண்ணூர்ப் பக்கம் வாழ்வோர் அதைக் கேட்பதில் நியாயமுண்டு. கேள்வியை நான் தள்ளிவிடுவதில்லை. பென்சீன் என்னும் வேதிப்பொருள் மஜ்ஜையைக் கெடுக்கும், பெரியவர்களுக்குச் சிலவகை இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நோயாளியின் நோய் எதனால் வந்தது என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. ஆகவே பெட்ரோலியப் பொருள்கள், பெயின்ட், தின்னர், கரைப்பான்கள் புழங்கும் இடத்தில் வேலை செய்பவராக இருந்தால், எந்த வேலை, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அவசரத்தில் நாங்கள் கேட்க மறப்பதுண்டு.

மஜ்ஜை முற்றிலும் செயலிழந்துபோனவர்களின் குடும்பங்கள் வேறொரு கேள்வி கேட்கின்றன: "புதுசா செஞ்சு வைக்க முடியாதா?" மேலே சொன்ன இரண்டு வார நிகழ்வை ஆய்வகத்தில் திரும்ப நடத்த முடிந்தால் முடியும். நோயாளியின் தோல் அணுவையே எடுத்து, அதைக் கருநிலைக்குத் திருப்பி, குழாய்ச்சுவர் அணுவாக வளர்த்து, அங்கிருந்து இரத்த மூல அணுவாகப் பெயர்த்தெடுப்பதற்கான முயற்சி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. மெல்போர்ன் நகரின் முர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2024ஆம் ஆண்டு இவ்வழியில் மனித மூல அணுக்களை உருவாக்கி, எலிகளுக்கு ஏற்றி, அவை மஜ்ஜையில் தங்கி இரத்தம் தருவதைக் காட்டினர். மனிதருக்கு ஏற்றும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை. கரு செய்வதை நாம் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. எனவே இன்று ஒரே வழி, மூல அணுக்களை ஏற்கெனவே உடைய ஒரு மனிதரிடமிருந்து பெறுவது.

அந்த வழி நம் மாநிலத்துக்குப் புதிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1986ஆம் ஆண்டிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோர் பொதுவாகப் பாதியே பொருந்துவர். பாதிப் பொருத்தத்திலும் மாற்று சிகிச்சை செய்யும் முறைகள் இப்போது உள்ளன. குடும்பத்தில் எவரும் பொருந்தாதபோது முன்பின் அறியாதவர்களின் பதிவேட்டில் தேடுகிறோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி பதிவேடு 2009ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் வருடி எடுத்தால் போதும். பொருத்தம் அமைந்தால், பெரும்பாலும் சில நாள் ஊசி போட்ட பின் கைநரம்பு வழியாகவே அணுக்கள் பிரித்தெடுக்கப்படும். "எலும்பைத் துளைப்பார்களாமே" என்ற அச்சத்தால் பின்வாங்கிய உறவினர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மஜ்ஜையை எலும்பிலிருந்து நேரடியாக எடுக்கும் முறையும் உண்டு. அது மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. கொடுத்தவரின் மஜ்ஜை சில வாரங்களில் தன்னை நிரப்பிக்கொள்ளும்.

தொப்புள்கொடி இரத்தம் பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. அதிலும் மூல அணுக்கள் உள்ளன. 1988ஆம் ஆண்டு பாரிசில் மருத்துவர் எலியன் குளுக்மன், ஃபான்கோனி இரத்தசோகை கண்ட ஒரு சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார். கவனியுங்கள்: அது தங்கையுடையது, அவனுடையதன்று. வீட்டில் மூத்த குழந்தைக்குத் தாலசீமியா போன்ற நோய் இருந்து, அடுத்த பிரசவம் வரவிருந்தால், அக்குழந்தைக்காகச் சேமிப்பதைப் பற்றி எங்களோடு பேசுங்கள்; அங்கே பொருளிருக்கிறது. மற்றவர்களுக்கு நான் சொல்வது எளியது. குழந்தை பிறந்தவுடன் கொடியை அவசரமாக வெட்டாமல் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இரத்தம் குழந்தையின் உடலுக்கே போய்ச் சேர்ந்து இரும்புச்சத்துக் குறையைத் தடுக்க உதவுகிறது. இதற்குத் தவணை கிடையாது.

அந்த இளைஞருக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக அவருடைய அண்ணன் சென்ற வாரம் சொன்னார். சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லையாம்.

மாற்று சிகிச்சைக்குத் தயாராகும் குடும்பங்களுக்காக ஒன்று. அந்த நாளைப் பெரிய அறுவை சிகிச்சையாகக் கற்பனை செய்துகொண்டு எல்லாரும் அறைக்கு வெளியே கைகூப்பி நிற்பீர்கள். உள்ளே நடப்பது வழக்கமான இரத்தம் ஏற்றுதலைப் போலவே இருக்கும். சிவந்த திரவமுள்ள ஒரு பை, ஒரு குழாய், ஒரு நரம்பு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். "இவ்ளோதானா?" என்று ஒரு பாட்டி என்னிடம் ஏமாற்றத்தோடு கேட்டார். அந்த அணுக்களை நாங்கள் எலும்புக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. கருவில் இரத்த ஓட்டத்தோடு மிதந்து சென்று தங்குமிடத்தைத் தாமே கண்டுகொண்டதைப் போல, இப்போதும் அவையே எலும்பைத் தேடிப்போய் அமர்கின்றன. பின்னர் நோயாளியின் இரத்த வகைகூடக் கொடுத்தவரின் வகையாக மாறிவிடும். குழாய்ச்சுவர் மட்டும் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும்.

அதன்பின் இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு காலையும் இரத்தப் பரிசோதனை. முதல் நாட்களில் வெள்ளணு எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் இருக்கும். காய்ச்சல் வரலாம், வாய் புண்ணாகலாம். பார்வையாளர் ஒருவருக்கு மேல் அனுமதி இல்லை. அவரும் கை கழுவி, முகக்கவசம் அணிந்தே உள்ளே வர வேண்டும். வீட்டிலிருந்து பழமோ பூவோ கொண்டுவர வேண்டாம். உணவு பற்றிச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் அந்தத் தாளில் எண்ணிக்கை சற்றே ஏறியிருக்கும். மறுநாளும் ஏறினால், செவிலியர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்.